கெளுத்தி அப்பனையும் கொஞ்சம் எழுதுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை தாய்ப்பாசம்னு ஒரு பக்கம் ஃபுல்லா போட்டிருந்தீங்க, படமெல்லாம் சூப்பரா இருந்துச்சு, ஆனா குட்டிய வுட்டுட்டுப் போற பூனைய கல்நெஞ்சக்காரின்னு எழுதினது எனக்கு ஒத்துக்கல. நான் காசிமேட்ல இருவது வருஷமா மீன் வெட்டிக் குடுக்கறேன். படிச்சது எட்டாவது, பொண்ணு விலங்கியல் படிக்கிறா, நான் சொல்லச் சொல்ல அவதான் போன்ல டைப் பண்றா.

கடல் கெளுத்திய அருவாமனைல வச்சா சில நேரம் வாய்க்குள்ளேர்ந்து கோலிக்குண்டு சைஸுக்கு முட்டைங்க உருண்டு விழும், வயித்தக் கிழிச்சா உள்ள ஒண்ணுமே இருக்காது, சுத்தமா காலி. நான் ரொம்ப நாளா இது வேற மீனோட முட்டைய துண்ணுட்டு முழுங்கறதுக்குள்ள மாட்டிக்கிச்சுன்னு நெனச்சுகினு இருந்தேன். பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது, அது ஆம்பள மீனாம், பொம்பள முட்டை போட்டதும் இவன் வாயில வாங்கி வச்சுகினு குஞ்சு வெளிய வந்து தானா நீந்தற வரைக்கும் வாரக்கணக்கா பட்டினி கெடப்பானாம். வாயத் தொறந்து எர புடிச்சா புள்ளைங்க போச்சு, புடிக்கலன்னா இவன் ஒடம்பு போச்சு. ஜிலேபி மீன்ல அதே வேலைய அம்மாக்காரி பாக்கறா. நீங்க போட்ட பக்கத்துல அப்பன்னு ஒரு வார்த்த கூட இல்ல சார்!

நம்ம கரைக்கு வர ஆமை இதுக்கு நேர் எதிர். ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் ராத்திரில வரும், மண்ணத் தோண்டி நூறு முட்டைக்கு மேல போட்டு மூடிட்டு கடலுக்குப் போய்டும், திரும்பிக் கூட பாக்காது. தண்ணில அது ராணி, மண்ணுல வேகமா நகர முடியாது, நாப்பத்தஞ்சு அம்பது நாளு காவல் உக்காந்தா நாய் மொதல்ல கடிக்கறது அதத்தான். அதுக்குப் பதிலா நெறைய போட்டு வைக்குது. பறவைங்களுக்கும் இப்டி ஒரு கணக்கு இருக்குன்னு டேவிட் லாக்னு ஒரு வெள்ளக்காரர் 1947லயே சொல்லிட்டாராம், எத்தன குஞ்சுக்கு எர கொண்டாந்து போட முடியுமோ அத்தன முட்டைதான்னு.

இப்ப பூனைக்கு வரேன். எங்க ஐஸ் பொட்டிக்குப் பின்னால ஒண்ணு நாலு குட்டி போட்டுச்சு. மீன் தல கெடைக்கற எடத்துலதான் நாயும் இருக்கும், அதனால நாய்ங்க தூங்கற மத்தியானம் வரைக்கும் காத்திருந்துதான் வரும், அவ்ளோ உஷாரு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்புடி தடைக்காலம் வந்துச்சா, போட்டுங்க கடலுக்குப் போகல, மீன் தல கொறஞ்சுபோச்சு, அப்ப பாத்தா நாய் முழிச்சுகினு இருக்கும்போதே எறங்கி வருது சார், காது கிழிஞ்சு ஒரு தபா ரத்தத்தோட போச்சு. துண்ணலன்னா பாலு இல்ல. கடைசில எடம் மாத்தும்போது மூணு குட்டிய ஒண்ணொண்ணா கவ்வினு போச்சு, நோஞ்சானா இருந்த நாலாவது அங்கயே கெடந்துச்சு. நான் மூணு நாள் பாலு வச்சேன், உசுரு நிக்கல. எனக்கும் அன்னிக்கு அந்தப் பூன மேல கோவம்தான், பொய் சொல்லல.

அடுத்த தபா படம் போடணும்னா போட்டோகிராபர காலைல ஏழு மணிக்குள்ள அனுப்புங்க. எப்பவும் இருக்காது, கெளுத்தி வாயில முட்டையோட வந்தா எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காசிமேடு