கட்டுப் பிரித்த மறுநாள் அழுதவளுக்கு

அன்புள்ள தங்கச்சி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய ஏழு போட்டோவையும் பார்த்தேன். ஏழிலும் மூக்கு மட்டும்தான். "அக்கா, இது என் முகமே இல்லை" என்று எழுதியிருந்தாய். நாலு வருஷத்துக்கு முன்னால் உன்னை மாதிரியே அறுவை சிகிச்சையில் மூக்கை மாற்றிக்கொண்டு வந்தபோது இதே வார்த்தையை நானும் சொன்னேன், குளியலறைக் கண்ணாடியிடம். வேறு யாரிடம் சொன்னாலும் "நீயே கேட்டுப் பண்ணிக்கிட்டதுதானே" என்று வரும், அந்தப் பயம்தான்.

நீ இப்போது பார்ப்பது மூக்கு இல்லை, வீக்கம். பெரும்பகுதி சில வாரத்தில் வடிந்துவிடும், நுனியில் இருப்பது முழுசாகப் போக ஒரு வருஷம்கூட ஆகலாம். வலி, மாத்திரை, தூங்காத ராத்திரி, யாரையும் பார்க்காமல் அடைந்து கிடப்பது எல்லாம் சேர்ந்து முதல் ஒன்றிரண்டு வாரம் மனசு சுருண்டுவிடும், நிறையப் பேருக்கு அப்படித்தான். ரத்தக்கசிவு, தழும்பு என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் கையெழுத்து வாங்கினார்களே, அழுகை வரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் அந்த செல்ஃபியை நிறுத்து. 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் மூக்கின் அகலம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடித் தெரியும் என்று 2018ல் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் அந்தக் கோணல் இல்லை.

ஆனால் இந்தக் கடிதம் மூக்குக்காக இல்லை. கடைசியில், போகிறபோக்கில், "தாடையையும் சேர்த்துப் பண்ணியிருக்கலாம்" என்று எழுதினாயே, அதற்காக. போன மாதம் வரை உனக்குத் தாடை என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இல்லை. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர் இருந்தார். சிகிச்சை நன்றாகவே முடிந்தும் சிலர் கண்ணாடியில் பழைய முகத்தையே பார்க்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள், நானும்தான். ஆனால் பாடி டிஸ்மார்ஃபியா என்று ஒரு மனநோய் உண்டு: மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையை மணிக்கணக்கில் நோண்டிக்கொண்டே இருப்பது. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இருக்கிறது, அழகு சிகிச்சை கேட்டு வருகிறவர்களிடம் இன்னும் அதிகம். அதற்குக் கத்தி வைத்தால் அநேகமாகத் தீராது, குறை வேறு இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். பேச்சு சிகிச்சைக்கும் மருந்துக்கும்தான் அது அடங்கும்.

உனக்கு அது இருக்கிறது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை நேரம் கண்ணாடி முன்னால் நிற்கிறாய், அதை மட்டும் மறைக்காமல் சொல். ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்போம், நானும் கூட வருகிறேன். தாடைக்கு யாரிடமும் முன்பணம் கட்டிவிடாதே.

சனிக்கிழமை வருகிறேன். எட்டாவது போட்டோ வேண்டாம், போன் பண்ணு.

அக்கா