அப்பாவுக்கு, ஓஸ்லோவிலிருந்து

அன்புள்ள அப்பா, அம்மா,

உங்கள் கடிதம் வந்து 17 நாளாகிறது. நான்தான் எழுதவில்லை. வாட்சாப்பில் அம்மாவிடம் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன், அதெல்லாம் பேச்சில் சேர்த்தியில்லை என்று எனக்கே தெரியும். அப்பா நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தீர்கள், இந்தப் பனியில் கரண்டுக் கார் எப்படியடா ஓடும், நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று. ஓட்டிப் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று இருந்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை டிரொண்ட்ஹைம் போனேன். சுப்பையா மாமா மகன் குமரன் அங்கேதானே படிக்கிறான், அண்ணா நீங்க வந்தால்தான் பானை வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஓஸ்லோவிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஜொகூர் பாரு போகிற தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எனக்குப் பத்தரை மணி நேரம் ஆனது.

பேட்டரி விஷயம் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும், நீங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும், அதற்காகத்தானே இருட்டோடு பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போனீர்கள். பேட்டரி அதற்கு நேர் எதிர். உள்ளே லித்தியம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடித்தான் வேலை நடக்கிறது, குளிர் வந்தால் அந்த ஓட்டம் மந்தமாகிவிடும், கரண்டு கொடுப்பதும் குறையும், வாங்குவதும் குறையும். பெட்ரோல் காடியில் இன்ஜின் சூடு சும்மா கிடைக்கும். இதில் நாம் உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சூடாக்கவும் அதே பேட்டரியில்தான் கை வைக்க வேண்டும். கோடையில் 400 கிலோமீட்டர் ஓடிய காடி அன்றைக்கு 260 என்று காட்டியது.

நடுவழியில் நிற்குமோ என்ற பயம் வேண்டாம். இந்த நோர்வே நாட்டில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது, கிட்டத்தட்ட, மின்சாரக் கார்தான், வழியெல்லாம் சார்ஜ் போடுகிற இடம் இருக்கிறது. இடத்துக்குக் குறைவில்லை, குளிரில் அது எடுக்கிற நேரம்தான் பாடு.

மேல் வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், விடியற்காலை ஐந்தரைக்கே கீழே வந்து, யார் எவர் என்று பார்க்காமல் எல்லார் காரின் பனியையும் துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் போகிறவர். முந்தின நாள் ராத்திரி கதவைத் தட்டினார். கையில் ஒரு டப்பா புட்டு. "தம்பி, திரும்பி வரேக்க ராவே சார்ஜில போடும், ஓடி வந்த சூடு இருக்கும். விடியப் போட்டால் பேட்டரி விறைச்சுப் போய்க் கிடக்கும். சார்ஜ் மூடி உறைஞ்சால் சுடுதண்ணி மட்டும் ஊத்தாதேயும்" என்றார். அவர் சொன்ன அத்தனையும் பலித்தது.

லில்லெஹாம்மரில் ஒரு தடவை போட்டேன், 1994-இல் பனிக்கால ஒலிம்பிக் நடந்த ஊர், அங்கே ஒரு தொல்லையும் இல்லை. டொம்போஸ் என்ற மலையடிவார ஊரில்தான் மாட்டிக்கொண்டேன். வெளியே மைனஸ் 19. முதல் சார்ஜ் கம்பத்தில் திரை கறுப்பாகக் கிடந்தது. இரண்டாவது என் கார்டை ஏற்கவில்லை, செயலியில் பதிந்துகொள் என்றது, கையுறையைக் கழற்றினால்தான் கைப்பேசி கேட்கிறது, கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துவிடுகிறது. மூன்றாவதில் வேலை நடந்தது. ஆனால் காடியில் சார்ஜ் போடும் மூடி ஐஸ் பிடித்துத் திறக்கவில்லை, உள்ளங்கையை அதன்மேல் வைத்துச் சூடு காட்டி, ஓரத்தைத் தட்டித் தட்டித் திறந்தேன். கேபிளைத் தூக்கினால் காய்ந்த மாட்டுத்தோல் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது, வளையவே மாட்டேன் என்கிறது, தோளில் போட்டு அழுத்தித்தான் செருகினேன்.

கம்பத்தில் 150 கிலோவாட் என்று எழுதியிருந்தது. வந்தது 38. புதுக் காடிகளில் போகிற சார்ஜரை வரைபடத்தில் போட்டுவிட்டால், போய்ச் சேர்வதற்குள் பேட்டரியைத் தானே சூடாக்கி வைத்துக்கொள்ளும். என்னுடையதில் அது கிடையாது, பழசு. பழசு என்றாலும் நல்ல காடி, கவலைப்படாதீர்கள், தவணையெல்லாம் சரியாகப் போகிறது. 80 சதவீதத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும், அதனால் இங்கே எல்லோரும் எண்பதில் கழற்றி அடுத்த ஆளுக்கு விட்டுவிடுவார்கள். 36 யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், நம் மலேசியக் காசுக்கு 85 வெள்ளி வந்தது. வீட்டில் போட்டால் இவ்வளவு ஆகாது.

ஹீட்டரை நிறுத்திவிட்டு அம்மா கொடுத்த சாரோங்கைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அண்ணன் கொடுத்த புட்டைச் சாப்பிட்டேன். நாலரை மணிக்கே இருட்டு. எதிரே சரிவில் மரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சம் மெதுவாக வந்தது. யாரோ நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டையில் வருகிறார், இங்கே சாயங்காலத்தில் அது வழக்கம்தான். அந்த வெளிச்சம் ஒரு மரத்தடியில் நின்றது, குனிந்தது, கட்டையைச் சரிசெய்திருப்பார், பிறகு அடுத்த மரத்துக்கு நகர்ந்தது. அப்பா, நீங்கள்தான் வருகிறீர்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். தோட்டத்து லயத்து வாசல்படியில் உட்கார்ந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே உங்கள் இரண்டு பேர் நெற்றி விளக்கையும் தேடுவேனே, அம்மா விளக்கு எப்போதும் உங்களுக்கு ஒரு நிரை தள்ளி, கொஞ்சம் தாழ்வாக. என் மூச்சு பட்டுப் பட்டுக் கண்ணாடி உள்பக்கமே உறைந்துவிட்டது, துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்பது தாண்டியதைக்கூடக் கவனிக்கவில்லை, பின்னால் காத்திருந்த அம்மாள் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

அதற்கப்புறம் டோவ்ரெ மலை, சாலையே 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. பனிப்புயல் அடித்தால் பனி தள்ளும் லாரி முன்னால் போக, மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையாகப் போக வேண்டும். அன்றைக்குக் காற்று இல்லை. குமரன் ராத்திரியே பானை வைத்தான், பால் பொங்கியது.

சரி, தம்பி மணி விஷயத்துக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் புரோட்டோன் விட்டதே இ.மாஸ் 7 கரண்டுக் காடி, அதற்குப் புக்கிங் போடப் போகிறேன் என்கிறான். ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வர 60 கிலோமீட்டர்தான், நம் ஊரில் இந்தக் குளிரும் கிடையாது, தாராளமாக ஓடும். ஆனால் நம் வீட்டு வயரிங் பழசு. சாதாரண பிளக்கில் ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கிற வேலை வேண்டாம், லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்த பிறகு புக்கிங் போடட்டும். நான் தருவதாகச் சொன்ன 5,000 வெள்ளி மே மாதம் வரும், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். வீட்டுச் செலவுப் பணமும் இந்த மாதம் 10-ஆம் தேதிக்குப் பிறகுதான் வரும், வேறொன்றும் இல்லை.

தைப்பூசத்துக்குக் கல்லுமலையில் அம்மா பால்குடம் எடுக்க வேண்டாம், அந்த முழங்காலோடு. அக்கா எடுக்கட்டும், அம்மா கோயிலில் உட்கார்ந்து பார்த்தால் போதும். தேவி காதணி விழாவுக்கு என் பெயரில் மோதிரம் ஒன்று வாங்கி வையுங்கள், கணக்கை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் கண் ஆபரேஷன். தேதி எழுதியிருக்கிறீர்கள், எந்தக் கண் முதலில் என்று எழுதவில்லை. கூட யார் தங்குகிறார்கள், மணிக்கு லீவு கிடைத்ததா? இரண்டையும் உடனே எழுதுங்கள்.

உங்கள் மகன்,
செல்வம்