மூத்தோர் சங்கம், பினாங்கு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

கூட்டக் குறிப்புகள் உங்கள் கையில் இருக்கின்றன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஆள் வரவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சனிக்கிழமை நடை நின்றுபோகாமல் நடந்தது. 1884இல் அமைத்த தாவரவியல் பூங்காவில் ஒரு சுற்று, அப்புறம் பசியாறல். ரொட்டி சானாய்ப் பொட்டலத்தைக் குரங்கிடம் பறிகொடுத்தவர் யாரென்று சொல்லமாட்டேன், முன்வரிசையில்தான் இருக்கிறார். தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் எல்லோரும் ஏறியே ஆகவேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடித்தது வேண்டாத வேலை. முட்டிவலிக்காரர்கள் மறுவாரம் நடைக்கே வரவில்லை. இனி அடிவாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் வருகை பதிவாகும்.

புதன்கிழமைக் கூட்டத்தைத் தவறவிடாத அக்கா ஒருவர், சித்திரைக்குப் பிறகு வரவே இல்லை. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் விசாரித்தால், "உடம்பு சரியில்லை" என்று பதில். பொருளாளரும் நானும் வீட்டுக்குப் போனோம். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் தெருமுனை வரை கேட்டது.

"நீங்கல்லாம் சிரிக்கிறப்ப நானும் சிரிப்பேன் தம்பி. எதுக்குன்னே தெரியாது. எத்தனை நாளைக்கு நடிக்கிறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை முறை தேத்தண்ணி குடித்திருப்பேன்!

தவறு மண்டபத்திலும் இருந்தது. சுவர்க் காற்றாடிகள் நாலும் இரைய, வரிசை வரிசையாக ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருந்தோம். இப்போது இரண்டு காற்றாடிகளை நிறுத்திவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறோம். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது என்பது விதி; அது இன்னும் கைகூடவில்லை.

அக்காவுக்கு மகள் செவிப்பரிசோதனை செய்து கருவி வாங்கிக் கொடுத்தார். முதல் வாரம் அது கீச்சிட்டதும் கைப்பைக்குள் போட்டுவிட்டார். ஏற்கனவே கருவி போட்டிருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் சரியாகப் பொருத்தக் கற்றுக்கொடுத்தார். மறதி நோய்க்கு வழிவிடும், நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு சொன்ன 14இல் கேள்திறன் குறைவும் உண்டு, தனித்துப் போவதும் உண்டு. ஒன்று மற்றொன்றை இழுத்து வருவதை அந்த வீட்டுக் கூடத்திலேயே பார்த்தோம். அக்கா இப்போது வாரம் தவறாமல் வந்து, தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டதென்று ஏசுகிறார்.

ஆகவே ஒரு தீர்மானம்: இரண்டு வாரம் வராதவருக்குப் புலனத்தில் செய்தி போடுவதோடு நிறுத்தாமல், இருவர் நேரில் போகவேண்டும். மின்தூக்கி பழுதான அடுக்குமாடிகளுக்கு யார் ஏறுவது என்பதையும் இன்றே பேசி முடித்துவிடுவோம்.

செயலாளர்