ஒரு மாத்திரைக்கு அடங்காத பூஞ்சைத் தொற்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்ணுறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் 150 மி.கி. மாத்திரை ஒன்று போதும் என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை சொன்னது. பெரும்பாலோருக்கு அது உண்மைதான். அந்த மாத்திரைக்குக் குணமாகாதவர்கள் என்ன செய்வது என்பதுதான் அதில் விடுபட்டுப்போனது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, அதே மாத்திரையை மாதக்கணக்கில் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொண்டு அவதிப்படும் பெண்கள் ஏராளம்.

மாத்திரை போட்ட மறுநாளே அரிப்பு நிற்கவில்லை என்று பதற வேண்டாம். மருந்து யோனிச் சுரப்பில் குறைந்தது 3 நாள் தங்கி வேலை செய்யும். இரண்டு மூன்று நாளில் அரிப்பு தணியத் தொடங்க வேண்டும். ஒரு வாரமாகியும் மாற்றமில்லை என்றால், அடுத்த மாத்திரையை வாங்குவதற்கு முன் இது பூஞ்சைதானா என்று பார்த்துவிட வேண்டும்.

பூஞ்சை என்றால் அரிப்பும் எரிச்சலும் முன்னே நிற்கும். திரிந்த பால் போன்ற கசிவு இருக்கலாம், நாற்றம் பெரும்பாலும் இருக்காது. மீன் கவிச்சி அடித்தால் பாக்டீரியா தொற்றாகவோ டிரைகோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணித் தொற்றாகவோ இருக்கலாம். அவற்றுக்குப் பூஞ்சை மருந்து பயன்படாது. யோனியின் பக்கச் சுவரில், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளை ஒற்றிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பூஞ்சையில் அளவு பொதுவாக 4.5-க்கு மேல் போகாது. மற்ற இரண்டிலும் பெரும்பாலும் தாண்டிவிடும். கசிவோடு 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு சேர்த்து நுண்ணோக்கியில் வைத்தால், மற்ற செல்கள் கரைந்துபோய், மொட்டு விடும் பூஞ்சையும் அதன் இழைகளும் மட்டும் தெளிவாகத் தெரியும். இதில் தெரியாததால் மட்டும் பூஞ்சை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. தொந்தரவு தொடர்ந்தால் கல்ச்சர், அதாவது கசிவிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். தொந்தரவே இல்லாத பெண்களிலும் 10 முதல் 20 சதவீதம் பேரிடம் இந்தத் தொற்றைத் தரும் கேண்டிடா பூஞ்சை இருக்கும். அறிக்கையில் அந்தப் பெயர் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மருந்து வேண்டாம்.

பூஞ்சைதான் என்று உறுதியாகி, வீக்கமும் தோல் வெடிப்பும் இருந்தால் ஒரு மாத்திரை பற்றாது. 72 மணி நேர இடைவெளியில் 2 அல்லது 3 மாத்திரை, இல்லையேல் 7 முதல் 14 இரவுகள் உள்ளே வைக்கும் க்ரீம். க்ளோட்ரிமசோல் 1 சதவீத க்ரீம் என்றால் இரவுக்கு 5 கிராம். படுக்கப்போகும்போது வைத்தால்தான் வெளியே வழியாமல் தங்கும். பலரும் வெளித்தோலில் மட்டும் தடவிவிட்டு மருந்து கேட்கவில்லை என்கிறார்கள். மூன்றாம் நாள் அரிப்பு நின்றதும் க்ரீமை நிறுத்திவிடுவது அதைவிட அதிகம் நடக்கும் தவறு. இந்த க்ரீம்களில் உள்ள எண்ணெய்ப்பசை லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கல்ச்சரில் கேண்டிடா கிளாப்ரேட்டா என்னும் வகை வந்தால் வழி வேறு. அது ஃப்ளூகோனசோல், க்ளோட்ரிமசோல் போன்ற அசோல் வகை மருந்தை உள்ளே வர வர வெளியே தள்ளிவிடும். அளவைக் கூட்டுவதால் அதிகப் பயனில்லை. போரிக் அமிலம் 600 மி.கி. கேப்சூலை 2 முதல் 3 வாரம் தினமும் இரவில் யோனிக்குள் வைப்பார்கள். வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து, கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் இதைத் தொடவே கூடாது. கேண்டிடா குரூசி என்னும் இன்னொரு வகை என்றால் ஃப்ளூகோனசோல் வேலை செய்யாது.

ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வருகிறவர்களுக்கு 1, 4, 7-ஆம் நாள்களில் ஒவ்வொரு ஃப்ளூகோனசோல் மாத்திரை, பிறகு வாரம் ஒன்று வீதம் 6 மாதம். நிறுத்திய பின் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இவர்களுக்குச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். டாபாகிளிப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் சிறுநீரில் சர்க்கரையை இறக்குவதால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், சர்க்கரை நோய்க்கான கிளிமெபிரைடு எடுப்பவர்கள் ஃப்ளூகோனசோல் போடும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்: முன்னதில் ரத்தக் கசிவும் பின்னதில் சர்க்கரை தாழ்வதும் நேரலாம். கர்ப்பிணிகளுக்கு மாத்திரை வேண்டாம். 7 நாள் க்ரீம் போதும்.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பற்றி என் வேண்டுகோள் கடுமையானது: பரிசோதிக்காமல் தடவாதீர்கள். அரிப்பை இரண்டு நாள் அடக்கிவிட்டு நோயை மறைத்துவிடும். தோல் வெளுத்து மெலிந்திருந்தால் அது லைக்கன் ஸ்க்லிரோசஸ் என்னும் தனி நோயாக இருக்கலாம். அதற்கும் ஸ்டீராய்டுதான் மருந்து, ஆனால் பரிசோதித்த பிறகு, அதற்குரிய வகையில்.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் முன்பிருந்தே உள்ளே எந்த மருந்தும் வைக்காமல், உள்ளே கழுவாமல் போக வேண்டும். இதுவரை போட்ட மருந்துகளின் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் நல மருத்துவர் ஒருவர்