தோசைக்கல்லில் பீட்சா: செய்முறையில் விட்டுப்போனவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடையில் வாங்கிய சப்பாத்தியைக் கொண்டு இரவு உணவுக்கு விரைவாகப் பீட்சா செய்வது எப்படி என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான சமையல் குறிப்பைப் படித்து, அதன்படியே இரண்டு முறை செய்து, இரண்டு முறையும் கெடுத்து, பிறகு என் போக்கில் மாற்றிச் செய்து ஒருவாறு தேறியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். செவ்வாய், வியாழன் இரு நாள்களும் என் மனைவி வேலை முடிந்து வீடு திரும்ப இரவு ஒன்பது மணியாகிவிடும் என்பதால், அந்த இரு இரவுகளின் சமையல் என் பொறுப்பு. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் எழுபதைக் கடந்த என் தாயாரும் காத்திருக்க, ஏழரை மணிக்கு மேல் அடுக்களைக்குள் நுழைபவனுக்கு இத்தகைய குறிப்புகள் பேருதவி. அந்தக் குறிப்பு ‘இல்லத்தரசிகளே’ என்று தொடங்கியிருந்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் குறையெல்லாம் அதன் கடைசி வரியைப் பற்றியதுதான். 200 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கிய ‘அவன்’ என்னும் மின்னடுப்பில் எட்டு நிமிடம் வைக்கவும் என்று விரிவாக எழுதிவிட்டு, ‘அவன் இல்லாதவர்கள் தவாவிலும் செய்யலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் மிக்ஸி இல்லாத வீடு கிடையாது, தோசைக்கல் இல்லாத வீடும் கிடையாது. அவன் இருப்பதோ எனக்குத் தெரிந்து இரண்டே வீடுகளில், அவற்றில் ஒன்றில் அதன்மேல் பழைய நாள்காட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான வாசகர்களுக்குப் பயன்படப்போவது எந்த வழியோ அதற்குத்தான் ஒற்றை வரி கிடைத்திருக்கிறது. ‘தவாவிலும் செய்யலாம்’ என்பது உண்மைதான். ஆனால் அவனில் செய்வதைப் போலவே தவாவிலும் செய்யலாம் என்று அதைப் படிப்பவர் புரிந்துகொண்டால், எனக்கு நேர்ந்ததுதான் அவருக்கும் நேரும்.

எனக்கு நேர்ந்தது இது. கல் நன்றாகக் காய்ந்ததும் சப்பாத்தியைப் போட்டேன். அதன்மேல் சாஸைத் தடவி, வெங்காயத்தையும் குடைமிளகாயையும் பரப்பி, சீஸைத் துருவித் தூவி முடிப்பதற்குள் அடியிலிருந்து கருகிய வாடை வந்துவிட்டது. பதறிப்போய் மூடியைப் போட்டு மூன்று நிமிடம் கழித்துத் திறந்தால், மூடியில் கோத்திருந்த நீரெல்லாம் மேலே சொட்டியிருந்தது. நடுவில் குளம்போல் தக்காளிச் சாறு நிற்க, அதில் சீஸ் பாதி உருகியும் பாதி உருகாமலும் மிதந்தது. என் மகள் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அப்பா, கீழே கரி, மேலே ரசம்” என்றாள். அன்றிரவு மூவரும் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

இதற்கான காரணத்தைப் பிறகு நிதானமாக யோசித்தபோதுதான் விளங்கிற்று. அவனில் மேலிருந்தும் கீழிருந்தும் அனல் வருகிறது. தோசைக்கல்லில் கீழே மட்டுந்தான். பாதி வெந்த நிலையில் விற்கப்படும் சப்பாத்தி ஒரு நிமிடத்தில் சிவந்துவிடும் அளவுக்கு மெலிதானது. அதன்மேல் இருக்கும் சீஸுக்கோ, சாஸையும் காய்களையும் தாண்டிச் சூடு போய்ச் சேரவேண்டும், அல்லது மூடிக்குள் அடைபடும் ஆவியால் அது உருகவேண்டும். ஆகவே அடிப்பக்கத்தின் அவசரத்தையும் மேல்பக்கத்தின் தாமதத்தையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்வதுதான் தவா பீட்சாவின் சூட்சுமம். அதைத்தான் தங்கள் குறிப்பு சொல்லாமல் விட்டுவிட்டது.

அடுத்தது தண்ணீர். பீட்சாவின் தாயகமான நேப்பிள்ஸ் நகரத்தில் விறகு அடுப்பின் வெப்பம் ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ். மாவு உள்ளே போய் அறுபதிலிருந்து தொண்ணூறு விநாடிக்குள் வெந்து வெளியே வந்துவிடுகிறது. அத்தனை அனலில் நீர் நின்று பேச நேரமில்லை என்பதால் அவர்கள் தக்காளியை வேகவைக்காமல் பச்சையாகவே பிசைந்து தடவுகிறார்கள். தங்கள் குறிப்பிலும் தக்காளியை மிக்ஸியில் அரைத்து அப்படியே தடவச் சொல்லியிருந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீராகவே இருக்கிற தக்காளியை, சிம்மில் எரியும் அடுப்பின்மேல் உள்ள மெல்லிய சப்பாத்தியில் ஊற்றினால் அது எங்கே போகும்? ஆகவே நம் அடுப்பால் செய்ய முடியாத வேலையை நாம் முன்கூட்டியே வாணலியில் செய்து முடித்துவிட வேண்டும். நான்கு பெங்களூர் தக்காளியை அரைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஆறு பல் பூண்டைத் தட்டிப் போட்டு வதக்கியபின் ஊற்றி, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் உப்பு, புளிப்பை அடக்க ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரம் விடும்வரை சுண்டவைத்தால் போதும். நாட்டுத் தக்காளியும் ஆகும். ஆனால் சாறும் புளிப்பும் கூடுதல் என்பதால் சுண்டுவதற்கு நேரம் பிடிக்கும். ‘தொக்குப் பதம்’ என்ற இரண்டே சொல்லில் இதை அச்சிட்டிருந்தால் தமிழ்நாட்டில் புரியாதவர் ஒருவரும் இருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமையே இதைச் செய்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் செவ்வாய் இரவு வேலை பாதியாகக் குறைகிறது. சீஸிலேயே உப்பு இருப்பதால் சாஸில் கை அடக்கமாக இருக்கட்டும்.

காய்களுக்கும் இதே நியாயந்தான். வெங்காயத்தையும் குடைமிளகாயையும் உப்புப் போடாமல் பெருந்தீயில் இரண்டு நிமிடம் புரட்டி எடுத்துவிட வேண்டும். உப்புப் போட்டால் உடனே நீர் விடும். காளான் சேர்ப்பதென்றால் அது விடும் நீர் முழுவதும் வற்றும்வரை காத்திருக்க வேண்டும், காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் காளானை விட்டுவிடலாம்.

இனி அடுப்பில் செய்யும் முறை. சப்பாத்தியைக் காய்ந்த கல்லில் போட்டு ஒரு பக்கம் மட்டும் புள்ளி விழும்வரை சுட்டு எடுத்து, சுட்ட பக்கம் மேலே இருக்குமாறு ஒரு தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லில் வைத்தபடியே மேலே எதையும் பரப்பக் கூடாது. நான் செய்த முதல் தவறு அதுதான். தட்டில் வைத்துத்தான் இரண்டு தேக்கரண்டி சாஸைத் தடவி, காய்களைச் சிக்கனமாகத் தூவி, எல்லாவற்றுக்கும் மேலே சீஸைப் போட வேண்டும். இதற்குள் அடுப்பைச் சிம்மில் வைத்துக் கல்லின் சூட்டைத் தணித்திருக்க வேண்டும். பிறகு சப்பாத்தியைத் தட்டிலிருந்து கல்லுக்கு நழுவவிட்டு, அதன்மேல் படாமல் கல்லின் ஓரத்தில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தெளித்து, சீஸில் இடிக்காத குழிவான மூடியால் உடனே மூடிவிட வேண்டும். தண்ணீரை எதிரி என்று சொல்லிவிட்டு நானே தெளிக்கச் சொல்கிறேனே என்று வாசகர்கள் நினைக்கலாம். இந்தச் சில சொட்டுகள் ஆவியாகி மேலிருந்து சீஸை உருக்குகின்றன, அவனின் மேல்கம்பி செய்யும் வேலையை அரைகுறையாகவேனும் செய்கின்றன. மூன்று நிமிடத்தில் சீஸ் உருகியதும் மூடியைச் சாய்க்காமல் சட்டென்று பக்கவாட்டில் எடுத்துவிட்டு, தீயைக் கூட்டி அரை நிமிடம் வைத்தால் அடிப்பக்கம் ஈரம் உலர்ந்து மொறுமொறுப்பாகிறது. எடுத்ததும் எவர்சில்வர் தட்டில் வைத்தால் அடி வியர்த்துத் தொய்ந்துபோகும். எங்கள் வீட்டில் துளையுள்ள இடியாப்பத் தட்டில் ஒரு நிமிடம் ஆறவிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுகிறோம்.

எந்த ரொட்டி என்பதிலும் தங்கள் குறிப்பு ‘ஏதாவது ரெடிமேட் ரொட்டி’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டது. உறைந்த நிலையில் கிடைக்கும் பரோட்டாவை நான் சப்பாத்திக்கு ஒரு படி மேலாகவே மதிப்பேன். அதற்குள் இருக்கும் எண்ணெயே அதை அடுக்கடுக்காகப் பொரித்துத் தருகிறது. அதை உறைநிலையிலிருந்து இளகவிடாமல் நேராகக் கல்லில் போட வேண்டும், சாஸில் எண்ணெயைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ‘நான்’ ரொட்டியும் குல்ச்சாவும் கனமானவை என்பதால் சாஸைக் கூடுதலாகத் தாங்கும். பீட்சாவுக்கென்றே பேக்கரிகளில் இரண்டிரண்டாகப் பொதியிட்டு விற்கும் வட்டமான பேஸை எங்கள் பகுதிக் கடை ஒன்றில் வாங்கிப் பார்த்தேன். அட்டையைத் தின்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020இல் கர்நாடகத்தின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம், சாப்பிடுவதற்கு முன் மேலும் சூடாக்க வேண்டியிருப்பதால் பொதியிட்ட பரோட்டா ரொட்டி வகையில் சேராது, அதற்கு 18 விழுக்காடு வரி என்று சொன்னது பலருக்கு நினைவிருக்கும். சப்பாத்திக்கு 5, பீட்சா ரொட்டிக்கும் 5, பரோட்டாவுக்கு மட்டும் 18 என்றிருந்த அந்த வேடிக்கை 2025 செப்டம்பர் 22 முதல் முடிந்து, மூன்றுக்குமே வரி இல்லை என்றாகிவிட்டது. சீஸுக்கான வரியும் 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வாரநாள் சிற்றுண்டியைப் பற்றி எழுதும்போது இதையும் ஒரு வரியில் சேர்த்திருந்தால் வீட்டுக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு உதவியிருக்கும்.

‘மொசரெல்லா இல்லையென்றால் பனீரைத் துருவிப் போடலாம்’ என்ற யோசனையை மட்டும் நான் கடுமையாக மறுக்கிறேன். பனீர் நல்ல பொருள்தான், ஆனால் உருகாது. கொதிக்கும் பாலை எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பால் திரித்து எடுப்பது அது. அந்தப் புளிப்பு, பால்புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தைக் கரைத்து வெளியேற்றிவிடுவதால், எவ்வளவு சூடாக்கினாலும் அது குழைந்து ஓடுவதில்லை. மொசரெல்லாவோ, தயிர்க்கட்டியை வெந்நீரில் இட்டு இழுத்து இழுத்துப் பிசைந்து செய்யப்படுவது. அந்த இழுப்புதான் பிறகு நூலாக நீள்கிறது. சாண்ட்விச்சுக்கு வைக்கும் சீஸ் வில்லைகள் உருகும், ஆனால் நூல் விடாது. கட்டியாக விற்கும் மொசரெல்லாவை வாங்கிக் குளிர்ச்சியோடு துருவினால் சப்பாத்தி ஒன்றுக்கு 30 கிராம் போதும், 200 கிராம் கட்டி ஆறு சப்பாத்திக்கு வரும். தங்கள் குறிப்பில் ‘சீஸ் ஒரு கப்’ என்றிருந்தது. அழுத்தி நிரப்பிய கப்பா, தூவி நிரப்பிய கப்பா என்பதைப் பொறுத்து அது இரட்டிப்பாகக்கூடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் ஒருமுறை வாங்கிய பொட்டலத்தின் பின்புறத்தைப் பிறகு படித்தபோது, சேர்பொருள்களில் பாலுக்கு முன்னால் தாவர எண்ணெய் இருந்தது. வாங்குமுன் அந்தப் பொடியெழுத்தைப் படிக்கச் சொல்வதும் சமையல் குறிப்பின் வேலைதான்.

மேலே தூவ ஓரிகானோ பொட்டலத்துக்கு அலைய வேண்டியதில்லை. இத்தாலியர்கள் பீட்சாவில் இடும் பேசிலும் நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனம். நம்முடையதன் மணம் சற்றுக் காரமானது என்பதால் இரண்டு இலை போதும், அதையும் அடுப்பிலிருந்து இறக்கியபின் கிள்ளிப் போட வேண்டும். எங்கள் வீட்டில் அது கொல்லையில் தானாக முளைத்துக் கிடக்கிறது. என் தாயார் காதுவலிக்கு மட்டுமே அதைத் தேடுவார்.

அவருக்கு இந்தப் பண்டத்தின் பெயரில்தான் இன்னும் உடன்பாடில்லை. சப்பாத்தியில் தக்காளித் தொக்கைத் தடவி அதன்மேல் எதையோ உருக்கி ஊற்றிவிட்டுப் பீட்சா என்று சொல்கிறாயே என்று கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நேப்பிள்ஸ்காரர்கள் மாவைப் புளிக்கவைத்துக் கையால் சுழற்றி விரிக்கும் கலையை 2017இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொட்டலத்தைப் பிரித்துக் கல்லில் போடும் நான் அந்த மரபில் எனக்குப் பங்கு கேட்க மாட்டேன். ஆனால் அதே நேப்பிள்ஸில் பீட்சா தொடக்கத்தில், அடுப்புக்கூட இல்லாத வீட்டு உழைப்பாளிகள் தெருவில் வாங்கி மடித்துத் தின்ற மலிவான உணவாகத்தான் இருந்தது என்று அவரிடம் சொன்னேன். “அப்படியானால் அதற்கு இத்தனை விலை எதற்கு?” என்று கேட்டுவிட்டு, ஒன்றை மடித்துச் சாப்பிட்டார். சீஸ் குறைவாக, பச்சை மிளகாய் கூடுதலாக வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். சமையல் குறிப்புகளை வெளியிடும் முன் சாதாரண கேஸ் அடுப்பிலும் இரும்புத் தோசைக்கல்லிலும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவ்வாறு செய்து பார்க்காத முறையை ‘இப்படியும் செய்யலாம்’ என்று ஒரு வரியில் சேர்க்காதீர்கள். கப் கணக்கோடு கிராம் கணக்கையும் தாருங்கள். மேற்கண்ட குறிப்பில் அரைத்த தக்காளியை அப்படியே தடவவும் என்ற இடத்துக்கும், பனீர் பற்றிய வரிக்கும் ஒரு திருத்தம் வெளியிட முடிந்தால் நன்று. வரும் வியாழனுக்குள் வந்துவிட்டால், வெட்டியெடுத்து எங்கள் குளிர்பெட்டிக் கதவில் பழைய குறிப்பின்மேல் ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஸ்ரீரங்கம்.