கல்வெட்டு பட்டா ஆகாது

அன்புள்ள கதிர்,

கடிதமும், இஸ்ரேல்-பாலஸ்தீனப் பிரச்சினை பற்றிய உன் கட்டுரைப் படியும் கிடைத்தன. முழங்கால் தேறி மாடி ஏறுகிறாய் என்றது நிம்மதி. இனி கட்டுரைக்கு வருகிறேன்.

'யூதர்கள் அந்த மண்ணுக்கு வந்தேறிகள்' என்ற முதல் வரியை அடித்துவிடு. எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டில், ஏறத்தாழ கி.மு. 1208இல், கானானில், அதாவது இன்றைய இஸ்ரேல்-பாலஸ்தீனப் பகுதியில், 'இஸ்ரேல்' என்றொரு மக்கள் கூட்டம் இருக்கிறது. கி.பி. 70இல் ரோமர்கள் ஜெருசலேம் ஆலயத்தை இடித்த பிறகும் வடக்கே கலிலேயாவில் யூதர்கள் வாழ்ந்தார்கள். பாலஸ்தீனர் உரிமையைப் பேச இந்தப் பொய் தேவையே இல்லை.

ஏனென்றால் கல்வெட்டு பட்டா ஆகாது. மொராக்கோ மேற்கு சகாராவைத் தன் நிலம் என்று கேட்டபோது, மொராக்கோ சுல்தானுக்கும் அங்குள்ள சில குலங்களுக்கும் விசுவாச உறவு இருந்தது உண்மைதான் என்றது சர்வதேச நீதிமன்றம் (1975). ஆனால் அம்மக்களின் சுயநிர்ணய உரிமையை அது தள்ளிவிடாது என்றும் சொன்னது. இஸ்ரேலின் சுதந்திரப் பிரகடனமும் வரலாற்று உரிமையோடு நிற்கவில்லை, பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கச் சொன்ன 1947இன் ஐ.நா. தீர்மானம் 181ஐயும் துணைக்கு அழைக்கிறது. அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவு 33, எதிர்ப்பு 13, விலகியவை 10. எதிர்த்தவற்றில் இந்தியாவும் உண்டு.

உன் கட்டுரையின் பலம் நிலச் சட்டப் பகுதி. அதை இன்னும் விரி. 1950இன் 'இல்லாதோர் சொத்துச் சட்டம்', 1948 போரில் ஊரைவிட்டுப் போன பாலஸ்தீனர்களின் நிலத்தை அரசுப் பொறுப்பாளரிடம் கொடுத்தது. இஸ்ரேலுக்குள்ளேயே பக்கத்து ஊரில் தங்கியவர்கள்கூட 'இருந்தும் இல்லாதோர்' ஆனார்கள். விசித்திரமான சொல், ஆனால் வழக்கில் உள்ளதுதான். 1970 சட்டமோ, கிழக்கு ஜெருசலேமில் 1948க்கு முன் யூதர் வைத்திருந்த சொத்தை அவர்கள் மீட்க வழி செய்தது. மேற்கு ஜெருசலேமில் வீடிழந்த பாலஸ்தீனருக்கு அந்த வழி இல்லை. கிழக்கு ஜெருசலேமின் ஷேக் ஜர்ராவில் பாலஸ்தீனக் குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றக் கேட்கும் வழக்குகளின் வேர் இது. எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுது. சட்டம், ஆண்டு, அரசு என்று விரல் நீட்டும் இடம் தெளிவாக இருக்கிறது.

அடுத்த பக்கத்தில்தான் சறுக்குகிறாய். 'யூதர்கள் பணத்தால் ஊடகத்தை ஆள்கிறார்கள்' என்பது 1921இலேயே லண்டன் டைம்ஸ் போலி என்று நிரூபித்த 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்', அதாவது யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகக் கதைகட்டிய நூலின் சரக்கு. 'யூத மூளை' என்று வியந்து எழுதினாலும் அதே சரக்குதான். இஸ்ரேல் அரசு செய்வதற்கு வேறொரு நாட்டு யூதரைப் பொறுப்பாக்குவதும் அப்படியே.

எது யூத வெறுப்பு என்று வரையறுக்கும் இரண்டு ஆவணங்கள், 2016இல் ஐ.எச்.ஆர்.ஏ. (சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி) ஏற்ற வரையறையும் அறிஞர்கள் வெளியிட்ட 2021 ஜெருசலேம் பிரகடனமும், இந்தக் கடைசி விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இஸ்ரேலைப் புறக்கணிக்கும் இயக்கம் தன்னளவில் யூத வெறுப்பு அல்ல என்று வெளிப்படையாகச் சொல்வது பின்னதுதான். முன்னதன் முதல் வரைவை எழுதிய கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்க அதைப் பயன்படுத்துவதை எதிர்த்தார். எனக்கும் பிரகடனமே சரியாகப் படுகிறது.

அகதிகள் ஊர் திரும்புவது பற்றிய 1948இன் ஐ.நா. தீர்மானம் 194ஐ மேற்கோள் காட்டும்போது 11ஆம் பத்தியைப் பாதியில் நறுக்காதே. 'அண்டையாரோடு அமைதியாக வாழ விரும்பும் அகதிகள்' என்ற நிபந்தனையும், திரும்பாதவர்களுக்கு இழப்பீடு என்ற பகுதியும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. திருத்திய படியை அச்சுக்குப் போகுமுன் அனுப்பு.

அன்புடன்,
சேகர்