நனோகுழாயும் கற்கண்டு நூலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காபன் நனோகுழாய் (கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய காபன் குழாய்) சேர்த்தால் பிளாஸ்டிக் உருக்குப் போலாகிவிடும் என்று அறிவியல் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. அதை நம்பிச் செயற்றிட்டம் தொடங்கும் மலையக மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கற்கண்டுக் கட்டியை உடைத்தால் நடுவே நூல் இருக்கும். பாகில் சீனி அந்த நூலைப் பற்றித்தான் பளிங்காகும். பொலிப்புரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் உருகி ஆறும்போது நனோகுழாய் செய்வதும் அதே வேலை. குழாய் இல்லாவிட்டால் பளிங்குக் கோளங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிப் பெரிதாக வளரும். குழாய் நன்றாகப் பரவியிருந்தால் எண்ணற்ற இடங்களில் ஒரே வேளையில் தொடங்கும்; கோளங்கள் மிகச் சிறுத்துவிடும். 1% குழாய்க்கே உறையும் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் அளவுக்கு உயரலாம். அச்சிலிருந்து பொருளை முன்னதாகவே எடுக்கலாம் என்பது இதன் உண்மையான இலாபம்.

ஆனால் சீக்கிரம் உறைவது வேறு, கூடுதலாகப் பளிங்காவது வேறு. இங்கேதான் கணக்குத் தவறுகிறது. 5% குழாய் உள்ள மாதிரி, வெப்பத்தை அளக்கும் கலோரிமானியில் கிராமுக்கு 100 ஜூல் உருகல் வெப்பம் காட்டுகிறது என்று வைப்போம். முழுதும் பளிங்கான பொலிப்புரோப்பிலீனுக்குரிய 207 ஜூலால் நேரே வகுத்தால் 48% வரும். பளிங்குத்தன்மை குறைந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். குழாய் உருகுவதில்லையே! பிளாஸ்டிக்கின் பங்கு 0.95 தான். அதையும் சேர்த்து வகுத்தால் 51%.

உறையும் வெப்பநிலையை அளக்கும்போது மாதிரியை 200 பாகைக்குச் சூடாக்கி 5 நிமிடம் வைத்த பிறகே, நிமிடத்துக்கு 10 பாகை வீதம் ஆறவிட வேண்டும். 170 இல் நிறுத்தினால் பழைய பளிங்குகளின் மிச்சமே புதியவற்றுக்கு வித்தாகி, குழாய் செய்யாத வேலைக்குக் குழாய் பெயர் வாங்கும். ஒப்பிடும் வெறும் பிளாஸ்டிக்கும் அதே எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து தள்ளும் இயந்திரம்), அதே வெப்பத்தில் ஓடியிருக்க வேண்டும். அரைபடும்போது பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுவதும் உறைதலை மாற்றும். வாங்கிய பிளாஸ்டிக் மணிகளில் கருவாக்கி (பளிங்காவதைத் தொடக்கிவைக்கும் சேர்பொருள்) முன்பே கலந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கலந்திருந்தால் குழாயின் விளைவு தெரியாமலே போகலாம்.

குழாயை அள்ளிப் போடுவதால் பயனில்லை. ஓரளவுக்கு மேல் அவை சிக்குண்டு கட்டியாகும், சங்கிலிகள் அசைய இடம் குறையும், கட்டி இருக்கும் இடத்திலேயே பொருளில் விரிசல் விழும். உயர் அடர்த்திப் பொலியெத்திலீன் தானாகவே விரைந்து உறைவது. அதில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். மெதுவாக உறையும் பொலிலக்டிக் அமிலம் என்னும் பிளாஸ்டிக்கில் செய்து பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நுவரெலியாவில் உறைபனி விழும் காலையில் சாதாரண பொலிப்புரோப்பிலீன் நொறுங்குவதற்கும் குழாய் மருந்தல்ல. அதன் கண்ணாடி நிலைமாற்றம், அதாவது குளிரில் அது விறைத்து நொறுங்கத் தொடங்கும் வெப்பநிலை, 0 பாகையை ஒட்டியது. அங்கே வேறொரு மூலக்கூற்றையும் சங்கிலியில் இணைத்துச் செய்த கோபொலிமர் வகையே வேண்டும்.

உலர்ந்த குழாய்த் தூளைத் திறந்த மேசையில் கொட்டி நிறுக்கவே கூடாது. பல்சுவர்க் குழாய்களில் ஒரு வகையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2பி பிரிவில் (மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவு) வைத்துள்ளது. பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே பிணைத்து மணிகளாக வரும் மாஸ்டர்பாட்ச்சையே பாடசாலைகளும் சிறு பட்டறைகளும் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
பல்பகுதியம் கற்பிக்கும் வாசகர்,
கண்டி.